திறன் பயிற்சி இயக்கத்தில் பங்காளியாகச் சேர அழைப்பு வந்திருக்கிறது: சேரலாமா?

கேள்வி இதுதான். சிங்கப்பூரில் இயங்கும் ஒரு சிறிய தமிழ் அமைப்பு. உறுப்பினர்கள் நூற்றுச் சொச்சம் பேர். சம்பளத்துக்கு வேலை செய்பவர் யாரும் இல்லை, எல்லாமே தொண்டூழியர்கள்தான். நடுத்தர வயதினரைத் திறன் பயிற்சிக்கு வரவழைக்கும் பொது இயக்கம் ஒன்றில் சமூகப் பங்காளியாகச் சேர அழைப்பு வந்திருக்கிறது. சுவரொட்டியில் அமைப்பின் சின்னம், சமூக மன்றத்தில் ஒரு நிகழ்ச்சி, தமிழில் ஒரு துண்டுப்பிரசுரம், இவ்வளவுதான் ஏற்பாடு. சேரலாமா, சேர்ந்தால் எதைச் செய்வது, எதில் கவனமாக இருப்பது என்று செயலவையிலிருந்து கேட்டிருக்கிறீர்கள். பெரியவர்களுக்குப் பயிற்சி தரும் துறையில் பல ஆண்டுகளாக இருப்பவன் என்ற முறையில் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

சேருங்கள். ஆனால் அவர்கள் கொடுத்திருக்கும் வேலையோடு நின்றுவிடாதீர்கள். சுவரொட்டியைப் பார்க்கும் மனிதர் ஒரு வகுப்பில் போய் உட்காருவதற்குள் பல தடைகள் இருக்கின்றன. அந்த இடைப்பட்ட வேலையைத்தான் நீங்கள் கேட்டு வாங்க வேண்டும். விளம்பரத்தை அரசு அமைப்புகள் உங்களைவிட நன்றாகவே செய்யும், அதற்கு அவர்களிடம் பணமும் ஆளும் உண்டு. இடைப்பட்ட வேலையை உங்கள் அளவில் உள்ள ஓர் அமைப்பு செய்கிற அளவுக்கு நன்றாக வேறு யாராலும் செய்ய முடியாது.

ஏன் இப்படிச் சொல்கிறேன் என்றால், செய்தி ஏற்கனவே போய்ச் சேர்ந்துவிட்டது. 2016 ஜனவரியிலிருந்து 25 வயதை எட்டிய ஒவ்வொரு சிங்கப்பூர்க் குடிமகனுக்கும் பயிற்சிக் கட்டணத்துக்கென்று அரசு தரும் 500 வெள்ளி ஸ்கில்ஸ்ஃபியூச்சர் கிரெடிட் உண்டு. 2020ல் இன்னொரு 500 வெள்ளி சேர்ந்தது. அதை 2025 கடைசிக்குள் பயன்படுத்த வேண்டும் என்று கெடு வைத்தார்கள். 2024 மே மாதத்திலிருந்து 40 வயதை எட்டியவர்களுக்கு 4,000 வெள்ளி கிடைக்கிறது. இதற்குக் கெடு இல்லை, ஆனால் வேலைவாய்ப்போடு நெருங்கிய தொடர்புள்ள பாடங்களுக்குத்தான் செல்லும். வேலையை விட்டு முழுநேரமாகப் படிக்கிற 40 வயதைத் தாண்டியவருக்கு, அவருடைய பழைய சராசரி வருமானத்தில் பாதி, மாதம் 3,000 வெள்ளி வரை, வாழ்நாளில் மொத்தம் 24 மாதங்களுக்குப் பயிற்சிப்படி கிடைக்கும். இதெல்லாம் பத்திரிகையில் வந்துவிட்டது, தொலைக்காட்சியில் வந்துவிட்டது, வீட்டுக்குக் கடிதமாகவும் வந்துவிட்டது. 2024ல் மட்டும் திறன் பயிற்சிகளைக் கவனிக்கும் அரசு அமைப்பான ஸ்கில்ஸ்ஃபியூச்சர் சிங்கப்பூரின் ஆதரவுள்ள பயிற்சிகளில் சுமார் 555,000 பேர் கலந்துகொண்டார்கள். இவ்வளவு சிறிய நாட்டில் இது பெரிய எண்ணிக்கை.

ஆக, உங்கள் வட்டாரத்தில் ஐம்பது வயதுக்காரர் ஒருவரிடம் போய் "உங்களுக்கு கிரெடிட் இருக்கிறது தெரியுமா" என்று கேட்டால், "தெரியுமே" என்றுதான் சொல்வார். பிறகு ஏன் போகவில்லை? அந்தக் கேள்விக்கு அவர் சொல்லும் பதிலில்தான் உங்கள் வேலை இருக்கிறது. தன் கணக்கில் எவ்வளவு இருக்கிறது என்று எப்படிப் பார்ப்பது, ஆயிரக்கணக்கான பாடங்களில் எது தனக்கு, வகுப்பில் ஆங்கிலம் புரியுமா, பிள்ளைகள் வயதில் இருப்பவர்களுக்கு நடுவில் தடுமாறினால் என்ன ஆகும், பன்னிரண்டு மணி நேர ஷிப்டுக்கு நடுவில் எப்போது போவது, போய் வந்தால் சம்பளம் ஒரு வெள்ளியாவது கூடுமா. இவை எதற்கும் சுவரொட்டியில் பதில் இருக்காது.

ஆங்கிலப் பிரச்சினையைத் தனியாகச் சொல்லியே ஆக வேண்டும். ஓஇசிடி என்ற பன்னாட்டுப் பொருளாதார அமைப்பு நடத்தும் வயதுவந்தோர் திறன் ஆய்வின் முடிவுகள் 2024 டிசம்பரில் வெளிவந்தன. சிங்கப்பூரர்களின் எண்ணறிவு ஓஇசிடி சராசரிக்கு மேலே இருந்தது, எழுத்தறிவு சராசரிக்குக் கீழே இருந்தது. சோதனை இங்கே ஆங்கிலத்தில் நடந்தது. இளையவர்களுக்கும் மூத்தவர்களுக்கும் நடுவே பெரிய இடைவெளி தெரிந்தது. பெரும்பாலான சான்றிதழ்ப் பாடங்கள் ஆங்கிலத்தில்தான் நடக்கின்றன, பலவற்றில் நுழைவதற்கே வேலையிட எழுத்தறிவுத் தேர்வில் ஒரு குறிப்பிட்ட நிலை வேண்டும். தமிழிலேயே வாழ்க்கையை நடத்தி, தமிழிலேயே கணக்குப் பார்த்து, தன் வேலையில் கெட்டிக்காரராக இருக்கும் ஒருவர் இந்த வாசலில் வந்து நின்றுவிடுகிறார். அவரை வெறுமனே "வாருங்கள், கற்றுக்கொள்ளுங்கள்" என்று அழைப்பது போதாது. முதலில் எழுத்தறிவுப் பாடம், அப்புறம் தொழிற்பாடம் என்று இரண்டு படியாக அவருக்கு வழி போட்டுத் தர வேண்டும். இப்படி இரண்டு படியாக யோசிப்பது சிங்கப்பூருக்குப் புதிதல்ல. தொடக்கக் கல்வியை முடிக்காத தொழிலாளர்களுக்கு ஆங்கிலமும் கணக்கும் சொல்லித்தர 1983லேயே 'பெஸ்ட்' என்ற திட்டத்தைத் தொடங்கினார்கள். தொழிற்சாலைப் பயிற்சிக்கு முன்னால் அடிப்படைக் கல்வி வேண்டும் என்று அன்றைக்கே புரிந்துவைத்திருந்தார்கள்.

பங்காளித்துவம் எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு நான் எப்போதும் எடுத்துச் சொல்லும் உதாரணம் 1975ல் பிரிட்டனில் நடந்த வயதுவந்தோர் எழுத்தறிவு இயக்கம். அரைநூற்றாண்டு ஆகிவிட்டது, ஆனாலும் அதன் அமைப்பைப் பார்த்து நாம் கற்க நிறைய இருக்கிறது. சரியாக எழுதப் படிக்க முடியாத பெரியவர்கள் அந்த நாட்டில் 20 லட்சம் பேர் இருப்பார்கள் என்று அப்போது மதிப்பிட்டார்கள். ஏழைகள் வாழும் பகுதிகளில் வேலை செய்த தன்னார்வ நிலையங்களின் கூட்டமைப்பு 1974ல் இதைப் பெரிய கோரிக்கையாக எழுப்பியது. பிபிசி இதற்காக ஒரு நிகழ்ச்சி செய்ய முன்வந்தது. அரசு 10 லட்சம் பவுண்டு ஒதுக்கி ஒரு வள அமைப்பை உருவாக்கியது. உள்ளூர்க் கல்வி அதிகார அமைப்புகள் வகுப்புகளுக்குப் பொறுப்பேற்றன. ஆயிரக்கணக்கான தொண்டூழியர்கள் ஒருவருக்கு ஒருவர் என்று உட்கார்ந்து சொல்லித்தர முன்வந்தார்கள்.

நிகழ்ச்சியின் பெயர் 'ஆன் தி மூவ்'. ஒவ்வொன்றும் பத்தே நிமிடம், ஞாயிறு மாலை, குடும்பமே தொலைக்காட்சி முன்னால் இருக்கும் நேரத்தில் வந்தது. அப்போது இளம் நடிகராக இருந்த பாப் ஹாஸ்கின்ஸ், வீட்டுச் சாமான் ஏற்றி இறக்கும் தொழிலாளியாக நடித்தார். வாசிக்கத் தெரியாமல் வேலையில் தடுமாறுகிற, அதை மறைக்கப் பாடுபடுகிற ஒரு சாதாரண மனிதர். பத்து நிமிடத்தில் யாருக்கும் எழுத்துக் கற்றுக்கொடுத்துவிட முடியாது என்பது அவர்களுக்குத் தெரியும். 'இது எனக்கு மட்டும் உள்ள குறை இல்லை' என்று பார்ப்பவர் உணர வேண்டும், வெட்கம் கொஞ்சம் கழன்று விழ வேண்டும், அடுத்து ஒரு தொலைபேசி எண்ணைச் சுழற்ற வேண்டும். நிகழ்ச்சியிடம் அவர்கள் எதிர்பார்த்தது அவ்வளவுதான். வாசிக்கத் தெரியாதவரிடம் 'எங்களுக்கு எழுதுங்கள்' என்று சொல்ல முடியாதே, அதனால்தான் தொலைபேசி. அழைத்தவரின் விவரத்தை அவர் வீட்டுக்குப் பக்கத்தில் உள்ள வகுப்புக்கு அனுப்பினார்கள்.

இதில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது வேலையை அடுக்கிய வரிசை. நிகழ்ச்சி ஒளிபரப்பாவதற்கு வெகு காலம் முன்பே பிபிசி தன் திட்டத்தை மற்றவர்களிடம் சொல்லிவிட்டது. சொல்லித்தர ஆள் தேடவும், அவர்களுக்குப் பயிற்சி கொடுக்கவும், தொலைபேசியை எடுக்க ஆள் போடவும் அவகாசம் கிடைத்தது. அந்த அவகாசம் இருந்தும் சில ஊர்களில் ஆட்கள் காத்திருக்க நேர்ந்தது. அவகாசமே இல்லாமல் இருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். பல வருடமாகக் கூச்சத்தை அடக்கிவைத்திருந்த ஒருவர் துணிந்து அழைக்கிறார், எதிர்முனையில் பதில் இல்லை. அவர் இன்னொரு முறை அழைக்கவே மாட்டார். அழைத்துவிட்டு ஆயத்தமில்லாமல் இருப்பதைவிட, அழைக்காமலே இருப்பது நல்லது என்பேன்.

இதை உங்கள் நிகழ்ச்சியோடு பொருத்திப் பாருங்கள். உங்களுக்கு வரப்போகும் துண்டுப்பிரசுரத்தில் அநேகமாக ஒரு கியூஆர் குறியீடு இருக்கும். அதை ஸ்கேன் செய்து, அரசு இணையச் சேவைகளுக்கான சிங்பாஸ் கணக்கில் நுழைந்து, ஆங்கிலத்தில் இருக்கும் தளத்தில் பாடம் தேட வேண்டும். இளையவருக்கு அது ஐந்து நிமிட வேலை. நீங்கள் தேடிப் போகிற மனிதருக்கு அதுவே முதல் சுவர். எனவே முதல் சந்திப்பிலேயே கேளுங்கள்: துண்டுப்பிரசுரத்தில் தமிழ் பேசுகிற ஒருவரின் தொலைபேசி எண்ணைப் போடலாமா? அந்த எண்ணை யார் எடுப்பது, எந்த நேரத்தில்? இரவு ஷிப்டு முடித்து வருபவர் காலை ஒன்பது மணிக்கு அழைப்பார், பகல் ஷிப்டுக்காரர் இரவு ஒன்பதுக்கு அழைப்பார், அலுவலக நேரம் இருவருக்குமே ஒத்துவராது. உங்கள் தொண்டூழியர்களில் நான்கைந்து பேர் முறை வைத்து எடுத்தால்கூடப் போதும். வாட்ஸ்அப்பில் குரல் செய்தி அனுப்பலாம் என்று சொன்னால் தட்டச்சு செய்யத் தயங்குபவர்களும் வருவார்கள்.

அடுத்து, 'நடுத்தர வயதினர் எல்லாரும்' என்ற பரந்த இலக்கை ஏற்றுக்கொள்ளாதீர்கள். ஒரு தொழிலை எடுத்துக்கொள்ளுங்கள். என்னைக் கேட்டால் பாதுகாவல் துறையைச் சொல்வேன். நம் சமூகத்தினர் கணிசமாக வேலை செய்கிற துறை அது. அதைவிட முக்கியமான காரணம், அங்கே பயிற்சிக்கும் சம்பளத்துக்கும் நேரடித் தொடர்பு உண்டு. படிப்படியான சம்பள உயர்வு முறை துப்புரவுத் துறையில் 2014லும் பாதுகாவல் துறையில் 2016லும் கட்டாயமானது. தொழிற்சங்கம், முதலாளிகள், அரசு மூன்று தரப்பும் உட்கார்ந்து பேசி, ஒவ்வொரு படிநிலைக்கும் இன்ன பயிற்சி, இன்ன அடிப்படைச் சம்பளம் என்று வகுத்தார்கள். முழுநேரப் பாதுகாவல் அதிகாரியின் அடிப்படை மொத்தச் சம்பளம் 2024ல் 2,650 வெள்ளி. 2028ல் அது 3,530 வெள்ளியாக உயர வேண்டும் என்று முன்கூட்டியே அட்டவணை போட்டிருக்கிறார்கள். அதற்கு மேலே மூத்த அதிகாரி, மேற்பார்வையாளர் என்று படிகள் உண்டு. ஒவ்வொரு படிக்கும் குறிப்பிட்ட பாடங்களை முடித்திருக்க வேண்டும்.

இந்தத் துறையில் இருக்கும் ஒருவரிடம் நீங்கள் போய்ப் பேசும்போது 'வாழ்நாள் கற்றல்' என்றெல்லாம் ஆரம்பிக்க வேண்டியதில்லை. "அண்ணே, நீங்கள் இப்போது எந்தப் படியில் இருக்கிறீர்கள்? அடுத்த படிக்கு எந்தப் பாடம் பாக்கி? அதை எப்போது முடிக்கலாம்?" என்று கேட்டால் போதும். பேச்சு உடனே அவர் வாழ்க்கைக்குள் வந்துவிடும். அதோடு ஒரு உண்மையையும் மறைக்காமல் சொல்லுங்கள்: பாடத்தை முடித்தால் தகுதி வரும், பதவி தானாக வந்துவிடாது. மேற்பார்வையாளர் இடம் காலியாக இருக்க வேண்டும், நிறுவனம் கொடுக்க வேண்டும். இதை முதலிலேயே சொல்லிவிட்டால் பின்னால் ஏமாற்றம் குறையும். பயிற்சியின் பலனை மிகைப்படுத்திச் சொல்வது இந்த இயக்கங்களுக்கு நாம் செய்யக்கூடிய பெரிய கெடுதல். போய் வந்தவர் "ஒன்றும் கிடைக்கவில்லை" என்று தன் ஷிப்டில் நாலு பேரிடம் சொன்னால், அந்த நாலு பேரை எந்த விளம்பரமும் திரும்ப அழைத்து வராது.

முதலாளிகளை விட்டுவிட்டு இது நடக்காது. பங்காளிகள் பட்டியல் போடும்போது எல்லாரும் சமூக அமைப்புகளையும் ஊடகத்தையும் நினைக்கிறார்கள், ஆள் வைத்து வேலை வாங்குபவரை மறந்துவிடுகிறார்கள். லிட்டில் இந்தியாவில் உணவகமோ மளிகைக்கடையோ நடத்துபவர் ஒவ்வொருவரும் திறன் மேம்பாட்டுத் தீர்வை கட்டிக்கொண்டுதான் இருக்கிறார். ஊழியரின் மாதச் சம்பளத்தில் 0.25 விழுக்காடு, ஆளுக்குக் குறைந்தது 2 வெள்ளி, அதிகபட்சம் 11.25 வெள்ளி. வெளிநாட்டு ஊழியருக்கும் சேர்த்துத்தான். அந்தப் பணம் போய்ச் சேரும் திறன் மேம்பாட்டு நிதியைத் தொடங்கியது 1979ல். முதலாளி கட்டும் பணத்திலிருந்து அவருடைய ஊழியர்களின் பயிற்சிக்கே திரும்பக் கொடுக்கும் ஏற்பாடு அது. "நீங்கள் மாதாமாதம் கட்டிக்கொண்டிருக்கும் பணம்தான், உங்கள் ஆளை அனுப்பி அதைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள்" என்று ஒரு உணவக உரிமையாளரிடம் சொன்னால் அவர் காது கொடுப்பார். வேலை நேரத்தில் பயிற்சிக்கு அனுப்பினால் ஊதியத்தில் ஒரு பகுதியை ஈடுசெய்யும் உதவியும் இருக்கிறது. உணவுச் சேவைத் துறைக்கு 2023 மார்ச்சிலிருந்து படிப்படியான சம்பள உயர்வு முறை வந்துவிட்டதால், வெளிநாட்டு ஊழியர்களை வைத்திருக்கும் உணவகங்கள் உள்ளூர் ஊழியர்களின் பயிற்சியை எப்படியும் பார்த்தாக வேண்டும். சிங்கப்பூர் இந்தியர் வர்த்தகத் தொழிற்சபையும் லிட்டில் இந்தியா கடைக்காரர்கள் சங்கமும் ஏற்கனவே இந்த முதலாளிகளோடு பேசிக்கொண்டிருக்கும் அமைப்புகள். நிகழ்ச்சிக்கு அவர்களைச் சிறப்பு விருந்தினராக அழைப்பதோடு விடாமல், தங்கள் உறுப்பினர்களில் யார் யார் வாரத்தில் ஒரு மதியம் ஊழியரை விடுவிக்கத் தயார் என்று கேட்டு வாங்கித் தரச் சொல்லுங்கள்.

இந்தியச் சமூகத்தின் சுய உதவி அமைப்பான சிண்டாவையும் மறந்துவிடாதீர்கள். 1991லிருந்து இயங்குகிறது, குடும்பங்களோடு நேரடித் தொடர்பு உள்ளது. பிள்ளைகளின் துணைப்பாட வகுப்புக்காக வருகிற பெற்றோரில் எத்தனையோ பேர் நீங்கள் தேடும் அதே மனிதர்கள். ஒருவர் முன்பே நம்புகிற இடத்தில் வைத்து இந்தப் பேச்சை எடுப்பது, புதிதாக ஓர் அரங்கத்துக்கு அழைத்துப் பேசுவதைவிட எத்தனையோ மடங்கு சுலபம். நம் அமைப்புகளுக்குச் சேர்ந்து வேலை செய்யும் பழக்கமும் இருக்கிறது. ஏப்ரல் மாதம் தமிழ்மொழி விழாவில் வளர்தமிழ் இயக்கத்தோடு எத்தனை அமைப்புகள் கைகோத்து நிகழ்ச்சிகள் நடத்துகின்றன! அந்த ஒருங்கிணைப்பை ஒரு மாதத்தில் முடிந்துவிடாத வேலைக்கும் கொண்டுவர முடியும் என்று நான் நம்புகிறேன்.

இனி, வெளிநாட்டு ஊழியர்கள். நீங்கள் தமிழில் விளம்பரம் செய்தால், ஞாயிற்றுக்கிழமை அதைப் படிப்பவர்களில் பெரும்பங்கு தமிழ்நாட்டிலிருந்து வேலை அனுமதிச்சீட்டில் வந்தவர்களாக இருப்பார்கள். ஸ்கில்ஸ்ஃபியூச்சர் கிரெடிட் குடிமக்களுக்கு மட்டும். நிரந்தரவாசிகளுக்குக்கூட கிரெடிட் கிடையாது, பாடக்கட்டண மானியம் பலவற்றுக்கு உண்டு. துண்டுப்பிரசுரத்தின் மேலேயே இதைத் தெளிவாகப் போடச் சொல்லுங்கள். கடைசி வரியில் சின்ன எழுத்தில் போட்டால், ஒருவர் தன் ஒரே விடுமுறை நாளில் எம்ஆர்டி பிடித்து வந்து, வரிசையில் நின்று, 'உங்களுக்கு இல்லை' என்று கேட்டுத் திரும்ப நேரிடும். அதைச் செய்யக்கூடாது. அவர்களுக்கென்று சொல்ல வேறு விஷயம் இருக்கிறது: கட்டுமானத் துறையில் உயர்திறன் ஊழியராகத் தகுதி பெற்றவருக்காக நிறுவனம் அரசுக்குக் கட்டும் வெளிநாட்டு ஊழியர் மாதத் தீர்வை குறைவு. ஆகவே அவர்களைத் தேர்ச்சிச் சோதனைக்கு அனுப்புவது முதலாளிக்கும் ஆதாயம். இந்தத் தகவலைத் தனித்தாளாக, தனி நாளில் கொடுக்கலாம். சான்றிதழ் வாங்கித் தருகிறேன் என்று பணம் கேட்கும் இடைத்தரகர்களிடம் போக வேண்டாம் என்பதையும் அதே தாளில் எழுதுங்கள்.

எதில் கவனமாக இருப்பது என்று கேட்டீர்கள். பணமும் அடையாளமும்தான். 2017 தொடக்கத்தில், போகாத பாடங்களுக்கு கிரெடிட் கோரிய சுமார் 4,400 பேரின் விவகாரம் வெளியே வந்தது. தொகை ஏறத்தாழ 22 லட்சம் வெள்ளி. அதே ஆண்டின் பிற்பகுதியில், நிறுவனங்களின் பெயரில் பொய்யான பயிற்சிக் கோரிக்கைகள் கொடுத்து ஏறத்தாழ 4 கோடி வெள்ளியைச் சுருட்டிய கும்பல் பிடிபட்டது. அதற்குப் பிறகு விதிகளும் சரிபார்ப்பும் இறுகிவிட்டன, கிரெடிட் தொகை தனிமனிதர் கைக்கு வராமல் நேராகப் பயிற்சி நிறுவனத்துக்கே போகிறது. அந்த 4,400 பேரில் எத்தனையோ பேர் 'எல்லாரும் செய்கிறார்கள், ஒன்றும் ஆகாது' என்று யாரோ சொன்னதைக் கேட்டுத்தான் மாட்டியிருப்பார்கள் என்பது என் எண்ணம். உங்கள் அமைப்பின் பெயர் சுவரொட்டியில் வந்த அடுத்த வாரமே, 'ஆள் அனுப்புங்கள், தலைக்கு இவ்வளவு தருகிறோம்' என்று யாராவது கேட்டு வரலாம். கமிஷன் எந்த வடிவத்திலும் வேண்டாம். நன்கொடையாகவும் வேண்டாம், நிகழ்ச்சிக்கு உணவு ஏற்பாடாகவும் வேண்டாம். பரிசுப்பொருள், வவுச்சர் கொடுத்து ஆள் சேர்ப்பதை ஸ்கில்ஸ்ஃபியூச்சர் சிங்கப்பூர் அமைப்பே அனுமதிப்பதில்லை. ஒரு பயிற்சி நிறுவனத்தின் பெயரை மட்டும் நீங்களாகப் பரிந்துரைக்கவும் வேண்டாம். குறைந்தது இரண்டு மூன்று இடங்களைக் காட்டி, அவரையே தேர்ந்தெடுக்க விடுங்கள்.

சிங்பாஸ் விஷயத்தில் ஒரே விதி: தொண்டூழியர் யாரும் மற்றவருடைய சிங்பாஸ் மறைச்சொல்லைக் கேட்கக்கூடாது, எழுதி வைக்கக்கூடாது, அவர் கைபேசியைத் தன் கையில் வாங்கித் தட்டவும் கூடாது. பக்கத்தில் உட்கார்ந்து எந்த இடத்தை அழுத்த வேண்டும் என்று காட்டலாம், விரல் அவருடையதாக இருக்க வேண்டும். நேரம் ஆகும், ஆகட்டும். இரண்டாம் முறை அவரே செய்துகொள்வார். அடையாள அட்டை எண்ணும் அப்படித்தான். சட்டப்படி தேவை இல்லாத இடத்தில் அமைப்புகள் அதைச் சேகரிக்கக்கூடாது என்று 2019 செப்டம்பரிலிருந்து விதி இறுக்கமாகிவிட்டது. உங்கள் பதிவேட்டுக்குப் பெயரும் தொலைபேசி எண்ணும் போதும். அதற்கும் சம்மதம் கேட்டுக்கொள்ளுங்கள்.

நிகழ்ச்சி நடக்கும் நாளைப் பற்றிக் கொஞ்சம்தான் சொல்ல இருக்கிறது. சமூக மன்ற அரங்கத்தில் உரைகள் இருக்கட்டும், ஆனால் அரை மணிக்கு மேல் வேண்டாம். மீதி நேரம் முழுக்க நாலு மேசை போட்டு ஆளோடு ஆளாகப் பேசுங்கள். ஒரு மேசையில் அதே தொழிலில் பயிற்சி முடித்து மேலே வந்த ஒருவர் கட்டாயம் இருக்க வேண்டும். 1975ல் அந்தச் சாமான் தூக்கும் தொழிலாளிப் பாத்திரம் செய்ததை அவர் உயிரோடு உட்கார்ந்து செய்வார். தேர்வில் ஒருமுறை தவறியவராக இருந்தால் இன்னும் நல்லது, "நானும் ஃபெயில் ஆனேன், திரும்ப எழுதினேன்" என்று அவர் சொல்வதை நாம் யாரும் சொல்லிவிட முடியாது. ஒலி 968 வானொலியில் அவரைப் பேச வைக்க முடிந்தால் அதையும் முயலுங்கள். அமைப்பின் தலைவர் பேசுவதைவிட அவர் பேசுவது பலன் தரும்.

நிகழ்ச்சிக்குப் பிந்தைய மாதங்கள்தான் உங்கள் உண்மையான வேலை. வந்தவர்களில் ஒவ்வொருவருக்கும் ஒரு தொண்டூழியர் என்று பிரித்துக்கொள்ளுங்கள். இரண்டு வாரத்தில் ஒரு அழைப்பு: பதிவு செய்தீர்களா, எங்கே சிக்கல்? வேலை ஆலோசகரைப் பார்க்க வேண்டும் என்றால், முதல் தடவை கூடவே போங்கள். ஜூரோங் ஈஸ்ட்டில் தேவன் நாயர் பெயரில் உள்ள வேலைவாய்ப்பு நிலையமோ, பாய லேபாரில் உள்ள வாழ்நாள் கற்றல் கழகமோ, புதிதாகப் போகிறவருக்கு அந்தக் கட்டடங்களின் பளபளப்பே ஒரு தயக்கத்தைத் தரும். கூட ஒருவர் இருந்தால் தயக்கம் பாதியாகும். வகுப்பு தொடங்கி மூன்றாவது, நான்காவது வாரத்தில் கட்டாயம் ஒரு அழைப்பு போட வேண்டும். பெரியவர்கள் வகுப்பை விட்டு நிற்பது பெரும்பாலும் அந்தச் சமயத்தில்தான். ஷிப்டு மாறியிருக்கும், வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லாமல் போயிருக்கும், ஒரு வகுப்பு தவறி, அடுத்ததற்குப் போகக் கூச்சப்பட்டு அப்படியே நின்றுவிடுவார்கள். பயிற்றுநரிடம் ஒரு வார்த்தை பேசினால் பல நேரம் சரியாகிவிடும். அந்த ஒரு வார்த்தையைப் பேச ஆள் இல்லாததால் நின்றுபோனவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

ஏற்பாட்டாளர்கள் உங்களிடம் எத்தனை பேர் வந்தார்கள் என்று கேட்பார்கள். கொடுங்கள், அவர்களுக்கும் மேலே கணக்குக் காட்ட வேண்டியிருக்கும். உங்களுக்கென்று வேறொரு கணக்கு வைத்துக்கொள்ளுங்கள்: எத்தனை பேர் அழைத்தார்கள், எத்தனை பேர் பதிவு செய்தார்கள், எத்தனை பேர் முடித்தார்கள், ஆறு மாதம் கழித்து எத்தனை பேருக்குச் சம்பளத்திலோ வேலையிலோ மாற்றம். முந்நூறு பேர் வந்த நிகழ்ச்சியில் பதினைந்து பேர் பாடம் முடித்தார்கள் என்றால் மனம் தளர வேண்டாம். சிறிய அமைப்பு ஒன்று பதினைந்து குடும்பங்களின் வருமானத்தைத் தொட்டிருக்கிறது, அது உண்மையான வேலை. எங்கே அதிகம் பேர் உதிர்கிறார்கள் என்று அந்தக் கணக்கு காட்டும். அதை ஏற்பாட்டாளர்களிடம் கொண்டுபோய்க் கொடுங்கள். வார இறுதியில் தமிழ் விளக்கத்தோடு எழுத்தறிவு வகுப்பு ஒன்று வேண்டும் என்று கேட்க அதைவிட வலுவான ஆதாரம் உங்களுக்குக் கிடைக்காது.

கடைசியாக, பணம் கேட்கலாமா என்ற உங்கள் செயலாளரின் கேள்வி. தாராளமாகக் கேட்கலாம். தொண்டூழியம் என்பதால் தொலைபேசிக் கட்டணமும் அறை வாடகையும் போக்குவரத்தும் உங்கள் கையிலிருந்து போக வேண்டும் என்று இல்லை. ஆனால் பணத்தைவிட மூன்று விஷயங்களை எழுத்தில் வாங்குவது முக்கியம்: சிக்கல் வந்தால் நீங்கள் நேரடியாக அழைக்கக்கூடிய ஓர் அதிகாரியின் பெயரும் எண்ணும், அச்சுக்குப் போகும் முன் தமிழ்ப் பிரதியை நீங்கள் பார்த்துத் திருத்தும் உரிமை, நிகழ்ச்சிக்குப் பிறகு குறைந்தது ஆறு மாதத்துக்கு ஏற்பாடு தொடரும் என்ற உறுதி. நிகழ்ச்சித் தேதியை இந்த மூன்றும் கிடைத்த பிறகு முடிவு செய்யுங்கள். தொலைபேசியை எடுப்பவர்களுக்கு ஒரு நாள் பயிற்சி கொடுக்கவும், பாதுகாவல் துறைப் பாடங்களின் பட்டியலைத் தயார் செய்யவும் உங்களுக்கு இரண்டு மாதமாவது வேண்டும். இவற்றைத் தர அவர்கள் தயங்கினால் இந்த ஆண்டு பங்காளிப் பட்டியலில் இல்லாமலே இருங்கள். உங்கள் உறுப்பினர்களில் பாதுகாவல் வேலையில் இருக்கும் பத்துப் பேரை அழைத்து அடுத்த படிக்கு எந்தப் பாடம் என்று உட்கார்ந்து பார்ப்பதற்கு எந்த ஒப்பந்தமும் தேவையில்லை, அதை இந்த மாதமே தொடங்கலாம்.